வெயில் டர்பைனுக்கு நிலம் கேட்கும் முன்னே, எங்க மலையில் வெயிலை அளந்து காட்டு!

கொட்டச்சேடு சுற்றுவட்டார விவசாயப் பெருங்குடி மக்களே! ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்துக் காலம் தள்ளும் சிறு, குறு விவசாயிகளே!

சூரிய சக்தியில் கரண்டு எடுப்பதை எதிர்த்து இந்தத் துண்டறிக்கை எழுதப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாளைக்கு யாராவது "விவசாயிகள் சங்கம் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுது" என்று டீக்கடையில் பேசக்கூடாது பாருங்க. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எந்த யந்திரம், எந்த ஊரில், யாருடைய நிலத்தில், யாருடைய நஷ்டத்தில் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறோம்.

2019-ல் மத்திய அரசு பி.எம். குசும் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் 'ஏ' பிரிவில், விவசாயி தன் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின் நிலையம் வைக்கலாம். முடியாதவர் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று சொன்னார்கள். துணை மின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலமாகப் பார்ப்பார்கள். கரண்டு வாங்கும் ஒப்பந்தம் 25 வருஷம். தரிசு நிலத்துக்கு முன்னுரிமை என்கிறது விதி. மலையில் 'தரிசு' என்று தாசில்தார் ஏட்டில் இருக்கிற இடத்தில்தான் நம்ம ஆடு மாடு மேயுது என்பது தனிக்கதை.

இந்த மாதிரிக் கதவு திறந்தால், நிலத்தின் மேல் கண் வைத்துப் பேசுகிறவர்கள் விதவிதமான யந்திரங்களைப் பற்றிச் சொல்வார்கள். அதில் ஒன்று மலை கிராமத்துக்கென்றே செய்த மாதிரி காதுக்கு இனிமையாக இருக்கும். சூரியச் சூட்டில் ஓடும் சின்ன கேஸ் டர்பைன்! தண்ணீர் வேண்டாம், அரை ஏக்கர் போதும், ராத்திரியும் ஓடும், மிச்சச் சூட்டில் மிளகு காய வைக்கலாம். கேட்டால் யாருக்கும் ஆசை வரும். அதனால் அதையே எடுத்துப் பேசுவோம்.

கேஸ் டர்பைன் என்றதும் அடுப்பு சிலிண்டரை நினைக்க வேண்டாம். இதில் வேலை செய்கிற 'கேஸ்' வெறும் காற்றுதான். காற்றை உள்ளே இழுத்து அழுத்துவதற்கு ஒரு சக்கரம். அழுத்தின காற்றை நெருப்பில் சூடாக்கினால் அது விரிந்து பாய்ந்து இன்னொரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் பாதிக்கு மேல் முதல் சக்கரத்துக்கே போய்விடும், மீதிதான் ஜெனரேட்டருக்கு. ஆகாய விமானத்தில் இருப்பதும் இதே ஜாதிதான். சூரிய டர்பைனில் நெருப்புக்குப் பதில் வெயில். தரையில் வரிசையாகக் கண்ணாடி நட்டு, சூரியன் போகிற பக்கமெல்லாம் அவை திரும்பி, வெயிலைக் கோபுர உச்சியில் ஒரே இடத்தில் குவிக்கும். அங்கே காற்று 800, 900 டிகிரிக்குச் சூடாகும். மேகம் மறைத்தால் டீசலோ, எரிவாயுவோ எரித்துக் குறையை ஈடு கட்டுவார்கள்.

இது கட்டுக்கதை இல்லை. ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் 2002-ல் ஹெலிகாப்டரில் வரும் டர்பைனை மாற்றியமைத்து, வெயில் சூட்டில் ஓட்டிக் காட்டினார்கள். 2009-ல் இஸ்ரேலின் தென்கோடிப் பாலைவனத்தில், சமார் என்ற கூட்டுப்பண்ணையில், ஆவோரா என்ற கம்பெனி 30 மீட்டர் கோபுரம் வைத்து 100 கிலோவாட் கரண்டு எடுத்தது. கூடவே 170 கிலோவாட் அளவுக்குச் சூடும் கிடைக்கும் என்றார்கள். அடுத்த கோபுரம் 2012-ல் அல்மேரியாவில் எழும்பியது. நம்ம நாட்டிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை அழுத்திச் சூடாக்கி டர்பைன் ஓட்டும் வழிக்கு 2017-ல் ஒரு சோதனை அமைப்பைத் தொடங்கினார்கள். படித்தவர்கள் உழைக்கிறார்கள், உழைக்கட்டும். நீராவியில் ஓடும் நிலையத்துக்குத் தண்ணீர் வேண்டும், இதற்கு வேண்டாம் என்பது நிஜமாகவே பெரிய விஷயம். கோடையில் ஒரு குடம் தண்ணிக்கு ஊற்று ஊற்றாக அலைகிற நமக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கோபுரம் நின்ற இடங்களைப் பாருங்க. சமார் பாலைவனத்தில் இருக்கு. அல்மேரியா ஸ்பெயினிலேயே வறண்ட மூலை. வருஷம் முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கிற ஊர்கள். சேர்வராயன் மலை அப்படியா?

இங்கேதான் நம்ம ஜனங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு சங்கதி இருக்கு. வெயிலில் ரெண்டு வகை. சூரியனிலிருந்து நேராக வந்து விழுவது ஒன்று. மேகம், மூடுபனி, தூசியில் பட்டுச் சிதறி நாலு பக்கமிருந்தும் வரும் வெளிச்சம் இன்னொன்று. கூரையில் வைக்கிற சோலார் தகடு ரெண்டையும் சாப்பிடும். மப்பும் மந்தாரமுமா இருந்தால் குறைவாகச் சாப்பிடும், ஆனாலும் பட்டினி கிடக்காது. கண்ணாடியால் குவிக்கிற யந்திரத்துக்கு நேர் வெயில் மட்டும்தான் ஆகாரம். சிதறின வெளிச்சத்தைக் குவிக்க முடியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்க, புரிந்துவிடும். நல்ல வெயிலில் காகிதம் பற்றி எரியும். மந்தாரத்தில் எவ்வளவு நேரம் பிடித்தாலும் புகைகூட வராது. வானிலை நிலையங்களில் வைக்கும் கண்ணாடிக் குண்டும் இப்படித்தான் கணக்கு எடுக்குது. நேர் வெயில் அடித்த நேரம் மட்டும் அட்டையில் கருகின கோடு விழும்.

இந்த மாதிரி நிலையம் வியாபாரமாகக் கட்டுபடியாக வேண்டுமென்றால், வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,800 முதல் 2,000 யூனிட் நேர் வெயில் விழ வேண்டும் என்பது உலகமெங்கும் சொல்லும் கணக்கு. கார்த்திகை, மார்கழியில் பத்தடிக்கு அந்தப் பக்கம் வருகிற ஜீப் தெரியாத ஊரில் எத்தனை யூனிட் விழும்? யார் அளந்தார்கள்? காபி பழுக்கிற மாசத்தில்தான் பனியும் இறங்குது. மிச்சச் சூடு எப்போ நமக்கு வேணுமோ, அப்போதான் யந்திரம் படுத்துக் கிடக்கும்!

"அந்த நேரத்துக்குத்தான் டீசல் இருக்கே" என்பார்கள். அப்படியானால் பனிக்காலத்தில் அது சூரிய டர்பைன் இல்லை, கோபுரம் கட்டின டீசல் ஜெனரேட்டர். அந்த டீசலுக்குப் பணம் யார் கொடுப்பது? "விறகு எரிப்போம்" என்றால், விறகுப் புகையை அப்படியே டர்பைனுக்குள் விட முடியாது. தாரும் சாம்பலும் போய்ச் சக்கரத்தின் இலைகளைத் தின்றுவிடும். விறகை வாயுவாக்கி வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு தனித் தொழிற்சாலை. விறகுக்கு நம்ம சில்வர் ஓக்.

இன்னொரு சங்கடம் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றையே தின்று ஓடும் யந்திரத்துக்குத் தீனி அந்த அளவு குறையும். மலைக்குளிர் கொஞ்சம் ஈடு கட்டும், முழுசும் கட்டாது. 100 கிலோவாட் என்று கீழே எழுதின சீட்டு மலை ஏறினால் 100 ஆக இருக்காது.

அரை ஏக்கர்தானே என்று சொல்வதையும் பார்ப்போம். கண்ணாடி மேல் நிழல் விழக்கூடாது. அதனால் அந்த அரை ஏக்கரோடு நிற்காது, சுற்றிலும் உயர்ந்த மரம் இருக்கக்கூடாது. நமக்கு மரம்தான் தோட்டமே. மர நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி. மரத்தை எடுத்தால் அரபிக்கா செடி வெயிலில் வதங்கிப் போகும், கொடி ஏற இடமில்லை. ஒரு யந்திரத்துக்கு ரெண்டு மகசூலைப் பலி கொடுக்கிறோம். சாதாரண சோலார் தகட்டுக்கும் 100 கிலோவாட்டுக்கு அதே அரை ஏக்கர் அளவுதான் ஆகும். ஆனால் அதைப் பள்ளிக்கூடக் கூரையிலும், சொசைட்டி குடோன் மேலும் பிரித்துப் போடலாம். கோபுரத்தைப் பிரித்துப் போட முடியுமா?

இதையெல்லாம் விடப் பெரிய பாடம் நம்ம நாட்டிலேயே நடந்திருக்கு. 2010 டிசம்பரில் மத்திய அரசு சூரிய மின்சாரத்துக்கு முதல் ஏலம் விட்டது. சூரியச் சூட்டு நிலையங்கள் மட்டும் ஏழு, மொத்தம் 470 மெகாவாட். எடுத்தவர்கள் எல்லாம் பணம் படைத்த கம்பெனிகள். கேட்ட விலை யூனிட்டுக்கு 10 ரூபா 49 காசிலிருந்து 12 ரூபா 24 காசு வரை. அந்தத் தேதியில் சோலார் தகட்டுக் கரண்டை விட அது கொஞ்சம் மலிவுகூட. கடைசியில் அந்த ஏழில் கரண்டு கொடுத்தது மூணே மூணு. 2013-ல் ராஜஸ்தான் நோக் கிராமத்தில் 50 மெகாவாட், 2014-ல் ஆந்திரா அனந்தப்பூரில் 50, அதே வருஷம் ராஜஸ்தான் துர்சாரில் ஒன்று. மற்றவை என்னாச்சு? பல காரணம் சொன்னார்கள். முக்கியமான ஒன்று, செயற்கைக்கோள் கணக்கில் காட்டின நேர் வெயில் தரையில் அளந்து பார்த்தால் இல்லை. தூசியும் மங்கலும் தின்றுவிட்டது. ராஜஸ்தான் பாலைவனத்துக்கே இந்தக் கதி!

அளக்காமல் ஏலம் விட்டபிறகுதான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது. 2011-ல் நாடு முழுக்க 51 இடங்களில் வெயிலை அளக்கும் நிலையம் வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தது வேறெங்கேயோ இருக்கிற நிறுவனம் இல்லை, நம்ம சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசு நிறுவனம். அப்போது சீ-வெட் என்று பேர், இப்போது தேசிய காற்றுசக்தி நிறுவனம். பள்ளிக்கரணையிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஒரு கருவி கொண்டு வந்து ரெண்டு வருஷம் வைத்து அளந்தால் இந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இதற்குள் சோலார் தகட்டின் விலை விழுந்த விழுச்சி எல்லாருக்கும் தெரியும். 2017-ல் ராஜஸ்தான் பாத்லா ஏலத்தில் யூனிட் 2 ரூபா 44 காசுக்கு வந்துவிட்டது. ஆவோரா கோபுரம் ஊர் ஊராகப் பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம்ம அபிப்பிராயம். யூனிட்டுக்கு ஒரு பைசா குறை என்று கேட்டதற்காக 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட நாடு இது. பைசா கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிப்பேர் விஷயத்தை அதிகம் பேச வேண்டாம். இந்தச் சின்ன டர்பைன் நிமிஷத்துக்கு 70,000 சுற்றுச் சுற்றும். நம்ம பம்புசெட் மோட்டார் 2,900 சுற்று. அது எரிந்தால் அயோத்தியாப்பட்டணத்தில் காயில் கட்டி ரெண்டு நாளில் வாங்கி வந்துவிடலாம். டர்பைனுக்கு ஆள் எந்தத் தேசத்திலிருந்து வருவான்?

சரிங்க, நமக்கு என்னதான் வேண்டும்? இதை யோசித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மிளகு காய 55, 60 டிகிரி சூடு போதும். காபிக்கு இன்னும் கீழே. நம்ம கஷ்டம் கரண்டு இல்லாததை விட, காய வைக்க முடியாதது! பறித்த பழத்தைக் களத்தில் கொட்டினால் காய 12 நாள், 15 நாள். நடுவில் ரெண்டு நாள் தூறல் பிடித்தால் படுதா போட்டு மூடி, பூஞ்சை பிடித்து, வியாபாரி மோந்து பார்த்து விலையைக் குறைக்கிறான். மிளகு நூறு கிலோ பச்சையாகப் பறித்தால் காய்ந்து 33 கிலோ நிற்கும். ஈரம் கொஞ்சம் கூட இருந்தாலும் மூட்டையிலேயே கெட்டுப் போகும். அவசரத்துக்கு ஈரத்தோடு விற்கிறவன் வருஷா வருஷம் ஏமாறுகிறான்.

டர்பைனின் மிச்சச் சூட்டில் இதைக் காய வைக்கலாம் என்பது கணக்குப்படி சரிதான். 170 கிலோவாட் சூடு ஆறு மணி நேரம் கிடைத்தால் 1,000 யூனிட் சூடு. உலர்த்தியில் வீணாவது போக, சுமாராக ஒரு டன் பச்சை மிளகைக் காய வைத்துவிடலாம். நல்லதுதான். ஆனால் 55 டிகிரிக்காக 900 டிகிரி யந்திரம் எதுக்குங்க? கொசு அடிக்க பீரங்கியா? தை, மாசி, பங்குனி போனால் மீதி ஒன்பது மாசம் அந்தச் சூடு யாருக்கு? பிளாஸ்டிக் கூடாரம் போட்டு வெயிலை உள்ளே பிடித்து வைக்கும் சூரிய கூடார உலர்த்திக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமே கொடுத்து வந்திருக்கு. அது சிதறின வெளிச்சத்திலும் கொஞ்சம் சூடாகும். அதோடு காபித் தொலியும் கவாத்துக் கழித்த குச்சியும் போட்டு எரிக்கிற ஓர் அடுப்பைச் சேர்த்துவிட்டால், பனி நாளிலும் களம் நிற்காது. ரிப்பேர் வந்தால் நம்ம ஊர் கொத்தனாரும் வெல்டிங் பையனும் பார்த்துக்கொள்வார்கள்.

சூரியச் சூடு ஜெயித்த இடமெல்லாம் பாருங்க, சூட்டைச் சூடாகவே பயன்படுத்தின இடம்தான். 2002-ல் திருமலையில் 106 கிண்ணக் கண்ணாடி வைத்து, நீராவியில் தினம் 15,000 பேருக்குச் சமைக்கிற அளவு அமைத்தார்கள். கரண்டாக மாற்றி, அதை மறுபடி சூடாக மாற்றிச் சுற்றி வளைக்கவில்லை. அடுப்புக்கு வேண்டியது சூடு, சூட்டையே கொடுத்தார்கள்.

ஆகவே அரசாங்கத்தைக் கேட்கிறோம். வெயில் டர்பைன் ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? அரசு நிலத்தில், அரசு செலவில், அரசு நஷ்டத்தில் செய்யுங்கள். முதலில் இந்த மலையில் நேர் வெயிலை அளந்து, கணக்கைத் தமிழில் பஞ்சாயத்து போர்டில் ஒட்டுங்கள். அதுவரை எங்க விவசாயி நிலத்தைச் சோதனைச் சாலை ஆக்காதீர்கள். இப்போதைக்கு ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு பொது உலர்த்தியும் சிமெண்ட் களமும் வேண்டும். பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையக் கூரையில் சோலார் தகடு வேண்டும். மானியத்துக்கு சிட்டா, அடங்கல் கொண்டு வா என்று விரட்டுகிறீர்களே, தலைமுறையாக உழுது பட்டா இல்லாமல் இருக்கிற மலையாளி மக்கள் எதைக் கொண்டு வருவார்கள்? 2006 வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த உரிமைப் பத்திரத்தை ஏற்றுக்கொள்! அதுவும் கொடுக்காதவர்களுக்குச் சீக்கிரம் கொடு!

விவசாயிகளே, யார் வந்து குத்தகை பேசினாலும் அவசரப்படாதீங்க. நேர் வெயிலை எங்கே, எத்தனை வருஷம் அளந்தீங்க என்று கேளுங்க. பனி மாசத்தில் எரிக்கிற எண்ணெய்க்கு யார் பணம், யந்திரம் நின்றால் எத்தனை நாளில் ஆள் வரும், 25 வருஷம் கழித்து அந்தக் காங்கிரீட்டைப் பேர்த்து எடுத்து நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது யார் செலவு என்று கேளுங்க. பதில் வாயால் வேண்டாம், தமிழில் எழுதி வாங்குங்க. வீட்டில் பெரியவங்க, பெண்களைக் கூட வைத்துக்கொண்டு படிங்க.

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு எடுங்க. களத்தில் ஒரு குச்சியை நட்டு, காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலு வரை மணிக்கு ஒருதரம் பாருங்க. குச்சி நிழல் கூர்மையாக விழுந்தால் ஒரு கோடு, மங்கலாக விழுந்தால் ஒரு புள்ளி, விழவே இல்லை என்றால் சைபர். பிள்ளைகளே செய்துவிடுவார்கள். கருவியின் கணக்குக்கு இது சமமாகாது, தெரியும். ஆனால் நிழலே விழாத நேரத்தில் கண்ணாடிக்கு வேலையே இல்லை என்பதை எந்த இன்ஜினீயரும் மறுக்க முடியாது. ஒரு வருஷ நோட்டு கையில் இருந்தால், செயற்கைக்கோள் படத்தைக் காட்டி நம்மை யாரும் வாயடைக்க முடியாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்து வருகிற சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது நோட்டோடு வாங்க. வெயிலை அளக்கும் கருவியும், பொது உலர்த்தியும், உரிமைப் பத்திரத்துக்கு மானியமும் என மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறினதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்க.